பழைய மரச்சாமானுக்குப் பால் பெயிண்ட்: தேர்விலிருந்து மேற்பூச்சு வரை

எண்ணெய் எனாமல், அக்ரிலிக் எமல்ஷன் போன்ற பூச்சுகள் மரத்தின் மேல் தோலாகப் படிந்து, அடியில் உள்ள குறைகளை ஓரளவுக்கு மூடிவிடுகின்றன. ஆனால் பாலின் புரதத்தையும் சுண்ணாம்பையும் கொண்டு செய்யும் பால் பெயிண்ட், மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கி அங்கேயே இறுகிப் பிடித்துக்கொள்வது. ஆகவே மரம் உறிஞ்சினால் பல பத்தாண்டுகள் நிற்கும், உறிஞ்சாவிட்டால் சில வாரங்களிலேயே செதில் செதிலாக உதிரும். இந்த வேலையில் பிரஷைக் கையில் பிடிக்கும் நேரம் குறைவாகவும், அதற்கு முன் மரத்தோடு மல்லுக்கட்டும் நேரம் மிகுதியாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். இந்த வழிகாட்டியிலும் பூசுவதைவிடப் பூசுவதற்கு முந்தைய வேலைகளுக்கே அதிக இடம் தரப்பட்டிருக்கிறது.

பெயிண்டின் அடிப்படை எளியது. பாலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு கேசின். பால் புளித்து, அமிலத்தன்மையைக் காட்டும் அதன் பி.எச். அளவு 4.6-ஐ ஒட்டி இறங்கும்போது கேசின் திரண்டு தனியே பிரிந்துவிடுகிறது. அந்தத் திரள் தண்ணீரில் கரையாது. ஆனால் சுண்ணாம்பைப் போன்ற ஒரு காரத்தோடு சேர்த்துப் பிசைந்தால் சிறிது நேரத்தில் இளகி, பளபளப்பான பசையாகிவிடும். அதில் நிறத்தூளைக் கலந்தால் பால் பெயிண்ட். நிறம் கலக்காமல் கெட்டியாக வைத்துக்கொண்டால் அதுவே மரம் ஒட்டும் பசை. முதல் உலகப் போர்க் கால மர விமானங்களின் பாகங்களைக்கூடக் கேசின் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப் பூச்சில் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவைச் சேர்த்ததை அறிந்தவர்களுக்கு, புரதமும் சுண்ணாம்பும் கூடி இறுகும் இந்த வித்தை புதிதாகத் தோன்றாது.

அமெரிக்கக் கிராமங்களில் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் மரச்சாமான்களுக்கு வீட்டிலேயே கலந்து பூசப்பட்ட இந்தப் பெயிண்ட், ஆலைப் பெயிண்டுகள் வந்தபின் வழக்கொழிந்தது. 1974-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கப்பட்ட ‘த ஓல்ட் ஃபேஷன்டு மில்க் பெயிண்ட் கம்பெனி’ அதைத் தூளாக்கி மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று இணைய அங்காடிகளில் பல நிறுவனங்களின் தூள் கிடைக்கிறது. வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தண்ணீர் சேர்த்துக் கலக்க வேண்டிய தூளாக வருவதே கேசின் பெயிண்ட். டப்பாவில் திரவமாக, மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும்படி ‘பால் பெயிண்ட்’ என்ற பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் அக்ரிலிக் பெயிண்டுகள். அவை நல்ல பெயிண்டுகளாகவே இருக்கலாம். ஆனால் இங்கே சொல்லப்படும் முறை அவற்றுக்குப் பொருந்தாது.

எதற்குப் பூசலாம், எதற்குப் பூசக் கூடாது

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளிலோ, ஊர்தோறும் உள்ள பழைய சாமான் கடைகளிலோ கிடைக்கும் மரச்சாமான்களை இந்த வேலையைப் பொறுத்தவரை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். பர்மா தேக்கிலும் ஈட்டி மரத்திலும் செய்யப்பட்டு, வைரம் பாய்ந்த பலகையின் ரேகை தெரியும்படி இருப்பவை முதல் வகை. இவற்றுக்கு எந்தப் பெயிண்டையும் பூசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. சுத்தம் செய்து அரக்குப் பாலிஷ் போட்டாலே அவை எழுந்து நிற்கும். பெயிண்டை நாளை சுரண்டிவிடலாம் என்று எண்ணிப் பூசினால், மரத்துளைகளில் இறங்கிய நிறத்தை முழுமையாக வெளியே எடுக்கவே முடியாது.

இரண்டாவது வகை, உள்ளூரில் எளிதாகக் கிடைக்கும் மரங்களில் செய்யப்பட்ட அன்றாடச் சாமான்கள்: வேம்பு, மா, பூவரசு, பலா, சில்வர் ஓக், ரப்பர் மரம் முதலியவற்றாலான முக்காலிகள், மேசைகள், அலமாரிகள். சட்டம் ஒரு மரம், பலகை வேறு மரம், முதுகுப் பக்கம் பெட்டிப் பலகை என்று கலந்து செய்யப்பட்டு, ஆண்டுதோறும் எனாமல் பூசப்பட்டே வந்தவை. பால் பெயிண்டுக்கு உரியவை இவையே. பார்த்திக்கிள் போர்டு, சன்மைக்கா ஒட்டிய பலகை, இரும்பு பீரோ ஆகியவற்றில் உறிஞ்சும் பரப்பே இல்லை என்பதால் அவற்றை விட்டுவிட வேண்டும்.

விளக்கத்துக்கு ஒரே ஒரு சாமானை எடுத்துக்கொள்வோம். குளிர்பதனப் பெட்டி வருவதற்கு முன் வீடுகளில் பாலும் குழம்பும் வைத்த கம்பிவலை அலமாரி, பழைய சாமான் கடைகளில் இன்றும் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. பொதுவாக இடுப்பு அல்லது மார்பு உயரம், நான்கு கால்கள், இரட்டைக் கதவு, கதவிலும் பக்கங்களிலும் கம்பிவலை. எறும்பு ஏறாமலிருக்க அதன் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துவது வழக்கமாதலால், கால்களின் அடிப்பகுதி இரண்டு மூன்று விரற்கடை உயரத்துக்கு நைந்திருப்பது கிட்டத்தட்ட உறுதி. எனாமல் பூச்சு அதை மறைத்து வைத்திருக்கும். நகத்தால் அழுத்திப் பார்த்தால் மரம் பஞ்சுபோல் உள்ளே போகும்.

வாங்கும்முன் அலமாரியின் முதுகையும் தட்டுகளின் அடிப்புறத்தையும் பார்க்க வேண்டும். குண்டூசித் தலையளவு துளைகளும் அவற்றின் கீழே மாவுபோன்ற தூளும் இருந்தால் மரம் உளுத்திருக்கிறது. துளைகள் பழையவையா, உள்ளே பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பது உடனே தெரியாது. சாமானை நன்றாகத் தட்டித் துடைத்து, அடியில் கறுப்புத் தாளை விரித்து ஒரு வாரம் வைத்தால் தெரிந்துவிடும். புதுத் தூள் விழுந்திருந்தால் பூச்சி வேலை செய்கிறது. பெரும்பாலும் அது வெளிறு எனப்படும் மென்மரப் பகுதியில்தான் இருக்கும்; வைரத்தை எளிதில் தொடாது. ஒரு தட்டில் மட்டும் என்றால் அந்தப் பலகையை மாற்றிவிடலாம். சட்டமே உளுத்திருந்தால் வாங்காமல் இருப்பது நல்லது. கறையான் தின்ற மரத்தை விரல் கணுவால் தட்டினால் உள்ளீடற்ற ஓசை வரும்.

பழைய பூச்சும் ஈயமும்

இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயிண்டுகளில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்.-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்னும் விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசப்பட்ட எனாமலில், அதிலும் மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களில், ஈயம் இருக்கக்கூடும் என்று கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும். இதன் பொருள், எலெக்ட்ரிக் சாண்டரை வைத்து உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூள் பறக்கவிடக் கூடாது. அனல் காற்றுத் துப்பாக்கியால் கருக்கக் கூடாது. குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அந்த இடத்தின் பக்கமே வரக் கூடாது. வேலை செய்பவர் சாதாரணத் துணி முகமூடியை நம்பாமல் என்-95 முகமூடி அணிந்து, வேலை முடிந்ததும் உடுத்திய துணியைத் தனியே துவைக்க வேண்டும்.

பாதுகாப்பான வழி, பெயிண்ட் ரிமூவரை திறந்த வெளியில், கையுறையோடு, தடிமனாகப் பூசி, பழைய பூச்சு குமிழ் விட்டு எழுந்ததும் மழுங்கிய பட்டித் தகட்டால் வழித்தெடுப்பது. வழித்ததைப் பழைய செய்தித்தாளில் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். முற்றத்தில் கழுவிவிட்டால் ஈயம் மண்ணில்தான் சேரும். மீதமுள்ள திட்டுகளை வாட்டர் பேப்பரால் (ஈரத்தில் தேய்ப்பதற்கான உப்புத்தாள்) நனைத்தே தேய்த்து, கசட்டை ஈரத்துணியால் துடைத்தெடுக்கலாம். ரிமூவரில் மெழுகு கலந்திருப்பதால், வேலை முடிந்தபின் மரத்தைத் தின்னர் நனைத்த துணியால் இரண்டு முறை துடைப்பது கட்டாயம். கண்ணுக்குத் தெரியாத அந்த மெழுகுப் படலம் தங்கிவிட்டால் பால் பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டவே ஒட்டாது. காஸ்டிக் சோடாக் கரைசலில் சாமானை முக்கியெடுக்கும் பட்டறைகளும் உண்டு. அது மூட்டுகளின் பசையையும் மரத்தின் நாரையும் சேர்த்தே தின்றுவிடுவதால் தவிர்க்கலாம்.

எனாமலுக்குப் பதிலாகப் பாலிஷ் இருந்தால் அது எந்த வகை என்பதை மறைவான ஓரிடத்தில் சோதிக்கலாம். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தேய்க்கும்போது பிசுபிசுத்துக் கரைந்தால் அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னருக்குக் கரைந்தால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பி.யு. (பாலியூரிதேன்) அல்லது எனாமல் வகை. முதல் இரண்டையும் அவற்றின் கரைப்பானைக் கொண்டே எளிதாக நீக்கிவிடலாம்.

ஒரு சொல் இங்கேயே சொல்லிவிட வேண்டும். உட்புறமும் பழைய எனாமல் பூசப்பட்டிருந்த கம்பிவலை அலமாரியை எவ்வளவு சுரண்டினாலும், அதில் மீண்டும் உணவுப் பண்டம் வைப்பது விவேகமன்று. புத்தகம், துணி, பூசைச் சாமான் எதை வேண்டுமானாலும் வைக்கலாம்.

பழுது நீக்குதல்

தச்சர்கள் முன்பு மூட்டுகளை வச்சிரப் பசையால் (விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை) ஒட்டினார்கள். அது சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகுவது. ஆடும் மூட்டைப் பிரிக்க அந்தக் குணம் நமக்கு உதவும். வெந்நீரில் நனைத்த துணியை மூட்டின் மேல் சுற்றிச் சிறிது நேரம் வைத்து, மரச்சுத்தியலால் இலேசாகத் தட்டினால், துளைக்குள் செருகியிருக்கும் கழுந்து வெளியே வந்துவிடும். பழைய பசையை முழுவதும் சுரண்டி, மரம் நன்கு உலர்ந்தபின் புதுப் பசையிட்டுப் பூட்ட வேண்டும். பழைய பசைக்கு மேல் புதுப் பசையை ஊற்றி இறுக்குவதும், ஆடும் மூட்டில் ஆணி அடிப்பதும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது. ஆணி மரத்தைப் பிளந்து அடுத்த பழுதுக்கும் வழி செய்துவிடும். கிளாம்ப் இல்லாதவர்கள் கயிற்றை இரண்டு சுற்றாகச் சுற்றி, நடுவே ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் போதும். விளிம்பு நசுங்காமல் இருக்கக் கயிற்றுக்கு அடியில் அட்டைத் துண்டு வைக்க வேண்டும். மேலும், நான்கு கால்களும் சமதளத்தில் நிற்கின்றனவா, கதவுச் சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களும் ஒரே அளவா என்பதைப் பசை காய்வதற்குள் பார்த்துவிட வேண்டும்.

நைந்த கால்களுக்கு மேற்பூச்சு மருந்து எதுவும் இல்லை. கெட்ட பகுதி முடிந்து உறுதியான மரம் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே சாய்வாக அறுத்து, அதே தடிமனில் புதுத் துண்டை அதே சாய்வில் அறுத்து ஒட்டுப் போட வேண்டும். நேராக அறுத்து ஒட்டினால் பசை பிடிக்கும் பரப்பு குறைவு. குறுக்குவெட்டில் பசை சரியாகப் பிடிப்பதும் இல்லை. சாய்வின் நீளம் காலின் தடிமனைப்போல நான்கு மடங்காவது இருந்தால் ஒட்டு நிற்கும். இது கை பழகாதவர்களுக்குக் கடினமான வேலை. ஒரு தச்சரிடம் கொடுத்தால் அரை நாளில் முடித்துவிடுவார்.

ஆணித் துளைகளையும் வெடிப்புகளையும் அடைப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கடையில் விற்கும் என்.சி. பட்டியும் கார் பட்டியும் கல்லாக இறுகுபவை. அவை பெயிண்டை உறிஞ்சாததால், எத்தனை பூச்சு பூசினாலும் அந்த இடம் வேறு நிறத்தில் தனித்துத் தெரியும். அதே மரத்தின் இழைத்தூளைப் பின்னர் சொல்லப்படும் கேசின் பசையில் குழைத்து அடைத்தால், அது மரத்தைப் போலவே உறிஞ்சும். காய்ந்ததும் சிறிது உள்வாங்கும் என்பதால் முதலில் மேடாகவே வைத்து, பின்னர் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும்.

கம்பிவலையைக் கழற்றிவிட்டுத்தான் பெயிண்ட் பூச வேண்டும். துருப்பிடித்த வலையைக் காப்பாற்ற முயல்வதில் பயனில்லை. புது வலை மலிவு. அதைப் பிடித்திருக்கும் மரச்சட்டப் பட்டிகளை மட்டும் உடையாமல் நெம்பி எடுத்து, எந்தப் பட்டி எந்தப் பக்கம் என்று பின்புறத்தில் குறித்துக்கொள்வது நல்லது. கீல், கொண்டி ஆகியவற்றையும் கழற்றிவிட வேண்டும்; பால் பெயிண்ட் இரும்பில் ஒட்டாது.

மரத்தைத் தயார் செய்தல்

உப்புத்தாளை 100 அல்லது 120-ஆம் எண்ணில் தொடங்கி 180-இல் நிறுத்திவிட வேண்டும் (எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும்). பாலிஷ் வேலைக்குப் பழகிய கை 320 வரை வழுவழுவென்று தேய்க்கத் தூண்டும். அப்படித் தேய்த்தால் துளைகள் அடைபட்டு, பெயிண்டுக்குப் பிடி இல்லாமல் போகும். பின்னர் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, மரத்தின் நார் எழுந்து காய்ந்ததும் 180-ஆல் இலேசாகத் தடவிவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் நீர் கலந்த முதல் பூச்சிலேயே நார் எழுந்து மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும்.

இனி இரண்டு சோதனைகள். முதலாவது, பல இடங்களில் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் வைப்பது. ஒரு நிமிடத்துக்குள் சொட்டு பரவி மரம் கறுத்தால் அந்த இடம் தயார். முத்தாக உருண்டு நின்றால் அங்கே மெழுகோ, எண்ணெயோ, பழைய பாலிஷோ மிச்சம் இருக்கிறது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு என்பதால், தேக்குச் சட்டங்களைப் பூசுவதற்குச் சற்று முன்பாக ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, தெளிந்த சுண்ணாம்பு நீரில் நனைத்த வெள்ளைத் துணியை மரத்தின் மேல் வைத்து அரை மணி நேரம் விடுவது. துணியில் மஞ்சளோ பழுப்போ இறங்கினால், அந்த மரத்தின் சாயம் பெயிண்டின் வழியாகவும் வெளியே வரும். பலா மரத்தில் இது நிச்சயம் நடக்கும். பௌத்தத் துறவிகளின் ஆடைக்குச் சாயமிட்ட மரம் அது. அத்தகைய மரத்துக்கு வெள்ளை, வெளிர் நீலம் போன்ற நிறங்களை எண்ணிப் பார்க்கவே வேண்டாம். காவி, கரும்பச்சை, கறுப்பு ஆகியவற்றில் கசிவு தெரியாது. வெளிர் நிறம்தான் வேண்டும் என்றால் மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்து ஒரு பூச்சு கொடுக்கலாம். ஆனால் அதன் மேல் மரம் உறிஞ்சாது என்பதால், பெயிண்ட் தூள் நிறுவனங்களே விற்கும் பிடிப்புத் திரவத்தை முதல் பூச்சில் கலந்தாக வேண்டும். உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய பூச்சை நீக்காமல் அதன் மேலேயே பூச நினைப்பவர்களுக்கும் இதே வழிதான்.

பெயிண்ட் தயாரித்தல்

வாங்கிய தூள் என்றால் ஒரு பங்கு தூளுக்கு ஒரு பங்கு வெதுவெதுப்பான நீர் சேர்த்து, நன்றாகக் கலக்கி, கால் மணி நேரம் ஊறவிட்டு, நுரை அடங்கியதும் மெல்லிய துணியில் வடிகட்டினால் போதும். அன்றைய வேலைக்கு வேண்டியதை மட்டும் கலக்க வேண்டும். நம் வெயிலில் காலையில் கலந்தது மாலைக்குள் கெட்டியாகத் தொடங்கிவிடும்.

வீட்டில் செய்வதற்குக் கொழுப்பு நீக்கிய பால் தேவை. கொழுப்பு சுண்ணாம்போடு சேர்ந்து சோப்பாக மாறிப் பிடிப்பைக் கெடுக்கும். பாக்கெட்டில் வரும் டோன்டு பாலில் 3 விழுக்காடும், டபுள் டோன்டு பாலில் 1.5 விழுக்காடும் கொழுப்பு உண்டு, இவை ஆகா. ஸ்கிம்டு மில்க் பவுடரை லிட்டருக்கு 100 கிராம் வீதம் தண்ணீரில் கரைத்துக்கொள்வது எளிது. டீ கலக்குவதற்கென்று விற்கும் டெய்ரி ஒயிட்னர் வேறு பொருள்; அதில் பெரும்பாலும் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்திருக்கும்.

கரைத்த பாலில் ஒரு கரண்டித் தயிரை உறையூற்றி, நன்கு புளிக்கும்வரை விட்டுவிட வேண்டும். பன்னீருக்குச் செய்வதுபோல் கொதிக்கும் பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரள் ரப்பர்போல் இறுகி, பிறகு சுண்ணாம்பில் கரைய மறுக்கும். புளித்த தயிரை வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, நீர் வடிந்ததும் துணியோடு ஒருமுறை தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும். பாலின் சர்க்கரை அந்த நீரோடு போய்விடும். அது தங்கினால் பின்னாளில் பூஞ்சணத்துக்கு உணவாகும். ஒரு லிட்டர் பாலில் கேசின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 25 கிராம்தான் இருக்கிறது. ஒரு கம்பிவலை அலமாரிக்கு ஒரு பூச்சுக்கு இரண்டு லிட்டர் பாலின் திரள் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

சுண்ணாம்பு நீற்றியதாக, தண்ணீருக்கடியில் ஊறிய வெண்ணெய்ப் பதக் களியாக இருக்க வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பு மிகச் சிறந்தது. சிறிய அளவுக்கு, மணமும் நிறமும் சேர்க்காத வெற்றிலைச் சுண்ணாம்பே போதும். நீற்றாத சுண்ணாம்புக்கல்லை வாங்கிவந்தால், தண்ணீரில் கல்லைச் சிறிது சிறிதாகப் போட வேண்டுமேயன்றிக் கல்லின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் சுண்ணாம்பு வேலை செய்யக் கூடாது. கண்ணில் பட்டால் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் வாளியில் கலப்பதே சரி.

பிழிந்த திரளைச் சல்லடையில் தேய்த்து உதிர்த்து, ஐந்து பங்கு திரளுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக் களி என்ற அளவில் சேர்த்துக் கலக்க வேண்டும். முதலில் பொரிபொரியாக இருப்பது, சில நிமிடங்களில் தானாகவே இளகி, அரைகுறையாக ஒளி ஊடுருவும் வழுவழுப்பான கூழாகும். அரை மணி நேரம் கழித்து வடிகட்டினால் அதுதான் கேசின் பசை. துளை அடைப்பதற்குச் சிறிது எடுத்து வைத்துக்கொண்டு, மீதியைத் தண்ணீர் விட்டு நீர்த்த தோசை மாவுப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். சுண்ணாம்பு கூடினால் பிடிப்பு கூடும் என்று எண்ணி அதிகம் சேர்ப்பவர்கள் உண்டு. பூச்சு காய்ந்தபின் வெள்ளைத் தூளாக உதிர்வதே அதன் விளைவு.

நிறத்துக்குக் காரம் தாங்கும் மண், கனிமத் தூள்களே பொருந்தும். செங்காவி, மஞ்சள் காவி, தரைக்குப் போடும் ரெட் ஆக்சைடு, கறுப்பு ஆக்சைடு, குரோமியம் ஆக்சைடு பச்சை, அல்ட்ராமரின் நீலம் ஆகியவை நிலைக்கும். பிரஷ்யன் நீலம் சுண்ணாம்பில் நிறம் கெட்டுப் பழுப்பாகிவிடும். ‘இயற்கை நிறம்’ என்று மஞ்சள் தூளைக் கலக்க நினைப்பவர்கள், ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து என்ன நிறம் ஆகின்றன என்பதை நினைத்துக்கொண்டால் போதும். அந்தச் சிவப்பும் வெயிலில் சில நாட்களில் வெளுத்துவிடும். தூளை நேரடியாகப் பசையில் கொட்டாமல், முதலில் சிறிது தண்ணீரில் கட்டியின்றிக் குழைத்துச் சேர்க்க வேண்டும். எவ்வளவு தூள் என்பதை ஒரு துண்டுப் பலகை சொல்லும்: பூசிக் காய்ந்ததும் கறுப்புத் துணியாலும் வெள்ளைத் துணியாலும் தேய்த்துப் பார்த்து, துணியில் நிறம் ஒட்டினால் தூள் அதிகம், பசை குறைவு.

பூசுதல்

மயிர் பிரஷைச் சுண்ணாம்பு தின்றுவிடும். நைலான் பிரஷ் நல்லது. மரத்தை ஈரப் பஞ்சால் இலேசாக நனைத்துக்கொண்டால் பெயிண்ட் சட்டென்று இழுக்கப்படாமல் சீராகப் பரவும். ரேகையின் திசையிலேயே மெல்லியதாக இழுத்து, ஒருமுறை பூசிய இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகாமல் நகர்ந்துவிட வேண்டும். நிறத்தூள் அடியில் தங்கும் என்பதால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கலக்கிவிட வேண்டும். முதல் பூச்சு காய்ந்ததும் திட்டுத் திட்டாக, வெளிறிப்போய், பார்க்கவே மனம் சோரும்படி இருக்கும். அதைக் கண்டு அஞ்சித் தடிமனாக அப்பினால் வெடிக்கும். இரண்டு மூன்று மணி நேரம் விட்டு, 320 உப்புத்தாளால் மெல்லத் தடவி, தூசு துடைத்து, இரண்டாம் பூச்சைக் கொடுத்தால் நிறம் கூடிவிடும். வெளிர் நிறங்களுக்கு மூன்றாவது தேவைப்படலாம்.

பருவமும் முக்கியம். சித்திரை வெயிலில் வெளியே வைத்துப் பூசினால் கேசின் இறுகுவதற்கு முன்பே நீர் போய்விடும். காலை நேரத்தில் நிழலில் பூச வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே மேல். பூச்சு காயாமல் ஈரத்தோடு நின்றால் கேசினில் பூஞ்சணம் பிடிக்கும். கலவையில் கெட்டுப்போன நாற்றம் வந்தால் கொட்டிவிட வேண்டும். நல்ல கலவையில் இருக்கும் இலேசான பால் வாசனை காய்ந்ததும் போய்விடும்.

பூசி முடித்ததும் விளிம்புகளைத் தேய்த்து, வேண்டுமென்றே பழமைத் தோற்றம் கொடுப்பது இன்று நாகரிகமாக இருக்கிறது. என் பார்வையில் அது தேவையற்றது. அப்படிச் செய்துதான் ஆக வேண்டும் என்றால், கை படும் கதவு விளிம்பு, கால் இடறும் அடிச்சட்டம் போன்று உண்மையில் தேயும் இடங்களில் மட்டும் தேய்க்கலாம். பலகையின் நடுவில் தேய்த்தது எவருக்கும் தேய்த்ததாகவே தெரியும்.

மேற்பூச்சு

காய்ந்த பால் பெயிண்டில் மினுமினுப்பே இருக்காது. தண்ணீர் பட்டால் கறை விழும். ஆகவே மேலே ஏதேனும் ஒன்று வேண்டும். ஆளிவிதை எண்ணெய் இதற்கு மிகவும் ஏற்றது. பெயிண்ட் கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் என்று கேட்டு வாங்கலாம். துணியால் மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தை முழுவதும் துடைத்துவிட்டால் நிறம் ஆழப்பட்டு, ஈரமாக இருந்தபோது தெரிந்த சாயலுக்குத் திரும்பும். வெள்ளையை மட்டும் இது மஞ்சளாக்கும். அதற்குத் தேன்மெழுகுப் பாலிஷ் போடலாம். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயைத் தடவக் கூடாது. அது எக்காலத்திலும் உலராது. சிக்கு வாடை அடித்து, தூசு சேர்த்து, எறும்பையும் அழைத்துவரும். சூடான பாத்திரமும் தண்ணீர்த் தம்ளரும் வைக்கும் மேசைப் பரப்பு என்றால் எண்ணெயும் மெழுகும் போதாது, பி.யு. பூச்சு கொடுத்தாக வேண்டும்.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. அந்த எண்ணெய் உலரும்போது வெப்பம் உண்டாகி, சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றும். திறந்த வெளியில் ஒற்றையாக விரித்துக் காயவிட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கிவைத்து அப்புறப்படுத்த வேண்டும்.

எண்ணெய் உலர்ந்தபின் புது வலையைச் சற்று இழுத்துப் பிடித்து, ஒரு பக்கத்தில் அடித்து முடித்து, அதன் எதிர்ப்பக்கத்தை அடித்து, பிறகு மற்ற இரண்டு பக்கங்களுக்கும் வர வேண்டும். பட்டிகளைப் பழைய ஆணித் துளைகளிலேயே பொருத்தலாம். பூச்சு முழு உறுதி பெற மூன்று நான்கு வாரங்கள் ஆகும் என்பதால், அதுவரை கதவுகளை அழுத்திச் சாத்தாமல், தட்டுகளில் கனமான பொருள் வைக்காமல் இருக்க வேண்டும். பின்னாளில் கீறல் விழுந்தால், எண்ணெய் பூசிய பரப்பை 220 உப்புத்தாளால் மரம் தெரியும்வரை தேய்த்து, அந்த இடத்தில் மட்டும் புதிதாகக் கலந்த பெயிண்டைத் தொட்டு வைத்து, காய்ந்ததும் எண்ணெய் தடவலாம். கலவை கெட்டுவிடும், ஆனால் உலர்ந்த நிறத்தூள் கெடாது. எஞ்சிய தூளைப் புட்டியில் போட்டு, எந்தத் தூள் எத்தனை கரண்டி என்ற அளவைக் கதவின் உட்புறத்தில் பென்சிலால் எழுதி வைத்தால் அப்போது நிறத்தைத் தேடி அலைய வேண்டியிராது.